லேமினேட் செய்த வெள்ளம்

1

மனித குலத்துக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. மூன்று ஆண்டுகளும் இரண்டு மாதங்களும் நீடித்த பெருவெள்ளம், சென்ற ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நான்கு மணி இருபது நிமிடத்துக்கு, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் மேல் ஒரு முடிவுக்கு வந்தது. ஊர்மக்கள் பன்னிரண்டு பேரும் பத்திரமாக மேட்டில் ஏறிவிட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை. பொருட்சேதம்: ஒரு தேநீர்க் கோப்பையின் காது.

[கோப்பை உடைந்தது அதற்கு முந்தைய ஞாயிறு.]

மேலே சதுர அடைப்புக்குள் இருப்பது நான் எழுதியதல்ல. இதை அச்சுக்கு அனுப்பும் முன் சரிபார்த்த என் மைத்துனன் எழுதியது. அவன் குறிப்புகளை அப்படியே விட்டுவைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். பெருந்தன்மையால் அல்ல. ஏன் என்பதுதான் கதை.

கதை பிறந்த விதத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவே இல்லை. ஒரு காலாண்டிதழின் ஆசிரியர் போன் செய்தார்.

"சார், நீங்க இந்த போர்டு கேம் எல்லாம் விளையாடுவீங்களே, அந்த அனுபவத்த ஒரு கட்டுரையா குடுங்க. போன தடவ எழுதினது ரொம்ப ஆழமா போயிருச்சு. இந்தத் தடவ லைட்டா இருக்கட்டும்."

லைட்டாக எழுதச் சொன்னால்தான் எழுத்தாளனுக்குத் தலையில் கனம் ஏறும். ஏறியது. உட்கார்ந்தேன்.

2

முதல் வரைவு: "ஆதி மனிதன் குகை வாசலில் ஓர் எலும்பை உருட்டிப் பார்த்த அந்தக் கணத்தில்—"

நிறுத்திவிட்டேன். ஆதி மனிதனைச் சாட்சிக்குக் கூப்பிடும் கட்டுரைகளைக் கிண்டல் செய்தே இருபது வருடம் பெயர் வாங்கியவன் நான்.

இரண்டாம் வரைவு: "விளையாட்டு என்பது ஒரு"

'என்பது ஒரு' என்று நீளும் எந்த வாக்கியமும் ஒழுங்காக வீடு போய்ச் சேர்ந்ததில்லை.

மூன்றாம் வரைவு பரவாயில்லை. கீழே தருகிறேன்:

நவீன போர்டு கேம்களைப் பற்றி நான் கண்டறிந்த உண்மை இது. வாரம் முழுக்க ஒரு வேலையைப் பார்த்து அலுத்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டியைத் திறந்து, அதிலிருந்து இன்னொரு வேலையை எடுத்துப் பார்ப்பதற்குப் பெயர்தான் விளையாட்டு. எங்கள் அலமாரியில் தேனீ வளர்க்கும் ஆட்டம் இருக்கிறது. இருநூற்றுப் பதினான்கு மரத் தேனீக்களை நிறவாரியாகப் பிரித்து அடுக்க நாற்பது நிமிடம். ஆட்டம் அரை மணி நேரம்.

[அடுக்க இருபத்தைந்து நிமிடம். நீங்கள் உதவினால் நாற்பது.]

துறவிகள் திராட்சை பயிரிடும் ஆட்டம் ஒன்று இருக்கிறது. என் அலுவலகத்திலிருந்து தப்பிக்க நான் அந்தத் துறவியின் வேலையைப் பார்க்கிறேன். அவர் எதிலிருந்து தப்பிக்கத் துறவியானாரோ, விதிப்புத்தகத்தில் இல்லை. பிறகு துறைமுக ஆட்டம். அதில் உப்பு, மரம், கயிறு ஆகியவற்றைப் பண்டமாற்று செய்து கப்பல் கட்ட வேண்டும். "பேரம் பேசும் கலையை மென்மையாகக் கற்றுத்தரும்" என்று பெட்டியின் பின்னால் போட்டிருக்கிறது. எங்களுடன் ஆடும் மூன்றாவது மாடிப் பெண்மணி லிஃப்ட் மெக்கானிக். அவரிடம் நான் கற்ற பேரக் கலை முழுவதும் இவ்வளவுதான்:

"ஒரு கயிறு குடுங்களேன். ரெண்டு உப்பு தர்றேன்."

"கயிறு எதுக்கு சார்?"

"கப்பல் கட்ட."

"கப்பல் கட்டி?"

"...ஜெயிக்க."

"அப்ப நான் எதுக்கு சார் குடுக்கணும்?"

பொருளாதாரம் படித்தவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். எனக்குத் தெரியவில்லை.

என் மனைவி பல் டாக்டர். நம் காயை வெட்டுவதற்கு முன் நோயாளிகளிடம் சொல்வதையே சொல்வாள்: "கொஞ்சம் அழுத்துற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்." அவ்வளவுதான் என்று அவள் சொன்னபோது அவ்வளவோடு நின்றதே இல்லை. நாலாவது ஆள் என் மைத்துனன், அவளுடைய தம்பி. நால்வரில் ஒருவர் ரகசியத் துரோகியாக இருக்கும் ஆட்டத்தை அவனால்தான் மூட்டை கட்டினோம். துரோகிச் சீட்டு வந்தால் அவன் காது சிவந்துவிடும். ஒருமுறை ஆட்டம் தொடங்கும் முன்பே, "நான்தான்க்கா" என்று சீட்டைத் திருப்பி வைத்துவிட்டான்.

இப்படியே நாலு பக்கம் எழுதி, நடுநடுவே ஒரு சிரிப்பை வைத்து அனுப்பியிருந்தால் ஆசிரியரும் மகிழ்ந்திருப்பார், நீங்களும் பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள். கெடுத்தது வெள்ளம்.

3

பெட்டியின் மேல் அதற்கு வேறு ஏதோ பெயர். நாங்கள் வைத்தது வெள்ளம். இதில் ஒருவரை ஒருவர் எதிர்ப்பதில்லை. நாலு பேரும் ஒரே கட்சி. ஓர் ஆற்றங்கரை ஊர். பன்னிரண்டு ஊர்மக்கள். படகோட்டி, பொறியாளர், வைத்தியர், சமையல்காரர் என்று நமக்கு ஆளுக்கொரு வேடம். பலகையின் ஓரத்தில் இருபது கோடுகள் உள்ள நீர்மானி. நீலக் காய் இருபதாவது கோட்டைத் தொடுவதற்குள் எல்லோரையும் மேட்டில் ஏற்ற வேண்டும்.

நாற்பத்தொரு முறை ஆடினோம். நாற்பத்தொரு முறையும் ஊர் மூழ்கியது.

[நாற்பத்து மூன்று. இரண்டு முறை நீங்கள் வெளியூர் போயிருந்தீர்கள். மூன்று பேராக ஆடி மூழ்கினோம்.]

அதிகபட்சம் காப்பாற்றியது ஒன்பது பேர். அந்தத் தோல்விகளைப் பற்றித்தான் ஆசிரியர் சொன்ன ஆழமான கட்டுரையைப் போன வருடம் எழுதினேன். தலைப்பு: 'மூழ்குதலின் அறம்'. வெற்றி என்ற சந்தைச் சரக்கை மறுத்து, தோற்பதன் மாண்பைக் கற்பிக்கும் நம் காலத்தின் மகத்தான ஆட்டம் இது என்று எழுதியிருந்தேன். மூன்று வாசகர் கடிதங்கள் வந்தன. ஒருவர் கண்ணீர் விட்டதாகத் தெரிவித்திருந்தார்.

என் பிழைப்பைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். துணி துவைக்கும் இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுவது என் வேலை. 'மூடியைத் திறக்கும் முன் சுழற்சி முழுமையாக நின்றுவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளவும்': அது நான் எழுதியது. அதனால் எங்கள் மேஜையில் விதிகளுக்கு அதிகாரி நான். புதுப் பெட்டி வந்தால் விதிப்புத்தகத்தைப் படித்து, சுருக்கி, ஒரே பக்கத்தில் எழுதி, நாலு பிரதி எடுத்து, அலுவலக இயந்திரத்தில் லேமினேட் செய்து, ஆளுக்கொன்று கொடுப்பேன். அதன்பிறகு புத்தகத்தை யாரும் தொடுவதில்லை. பிளாஸ்டிக்குக்குள் போனதை எதிர்த்துப் பேச யாருக்கும் மனம் வருவதில்லை.

ஆட்டம் முடிந்ததும் எங்கே தவறு நடந்தது என்று பத்து நிமிடம் அலசுவதும் நான்தான். மெக்கானிக் அதற்கு 'போஸ்ட்மார்ட்டம்' என்று பெயர் வைத்திருக்கிறார்.

4

இனி என் மைத்துனனைப் பற்றி எழுத வேண்டும். இந்தப் பாத்திரத்தை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். கிண்டல் செய்ய அவனிடம் ஒன்றுமில்லை. கிண்டலுக்கு இடம் தராத மனிதர்களை எழுத எனக்குக் கை வராது.

அவன் மருந்தாளர், மருந்துக் கடையில் பதினேழு வருடம். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வயதான அம்மாளுக்கு ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கும்போது ஐந்து மில்லிகிராமுக்குப் பதிலாகப் பத்தைக் கொடுத்துவிட்டான்.

[இரண்டரைக்குப் பதிலாக ஐந்து. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு அட்டை. கொடுத்தது நான்.]

அந்த அம்மாளுக்கு இரண்டு நாள் தலை சுற்றியது. மூன்றாம் நாள் அவரே அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்தார். வேறொன்றும் ஆகவில்லை. விசாரணை நடந்தது, எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வேலைக்குத் திரும்பலாம் என்றும் எழுதியிருந்தது. அவன் திரும்பவில்லை. "உடம்பு சரியில்ல" என்றான், பிறகு "பாக்கலாம்" என்றான், பிறகு எதுவும் சொல்லவில்லை. கடைக்காரர் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். கடைசித் தவணையாக ஒரு திங்கட்கிழமையைச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தவறாமல் வருவான். கையில் ஒரு நோட்டு. ஒவ்வொரு தோல்விக்கும் தேதி, காப்பாற்றியவர்கள் எண்ணிக்கை, காரணம். காரணத்தை என் போஸ்ட்மார்ட்டத்தைக் கேட்டு எழுதுவான். 'படகை வடக்கே விட்டது, அக்கா.' 'அணையை அவசரப்பட்டுத் திறந்தது, மாமா.' எட்டு மாதமாக அந்தக் கடைசிச் சொல் பெரும்பாலும் ஒன்றேதான்: 'நான்.' பதினான்கு ஆட்டங்களில் பதினொன்று, 'நான்'. "நீ அந்தக் கிழவரை முதல்ல ஏத்தியிருக்கணும் மாப்ள" என்று நான் சுட்டிக்காட்டச் சுட்டிக்காட்ட, அவன் எழுதிக்கொண்டே இருந்தான்.

கோப்பை உடைந்த ஞாயிறு ஊர் மறுபடி மூழ்கியது. காப்பாற்றியது ஏழு பேர். நோட்டை மூடிவிட்டுச் சொன்னான்:

"அடுத்த வாரம் ஒரே ஒரு தடவ ஜெயிச்சா, நான் திங்கக்கிழமை கடைக்குப் போறேன்க்கா."

"தோத்தா?" என்றாள் என் மனைவி.

"தோத்தா எழுதிக் குடுத்துர்றேன். வேண்டாம்னு."

"என்னடா பேச்சு இது? மரக்காய உருட்டித்தான் வேலைக்குப் போறதா வேணாமான்னு முடிவு பண்ணுவியா?"

"இதுலயே என்னால ஒழுங்கா ஒரு ஆள ஏத்த முடியலக்கா. அங்க நெஜ ஆளு."

அவள் எழுந்த வேகத்தில்தான் கோப்பை விழுந்தது.

[எழுந்த வேகத்தில் அல்ல. எறிந்தாள்.]

5

அந்த வாரத்தின் புதன்கிழமை, இந்தக் கட்டுரைக்காக வெள்ளத்தின் விதிப்புத்தகத்திலிருந்து ஒரு வரியை அப்படியே மேற்கோள் காட்ட நினைத்தேன். மூன்று வருடத்துக்குப் பிறகு புத்தகத்தைத் திறந்தேன். ஆறாம் பக்கம், இரண்டாம் பத்தி.

எல்லா ஆட்டக்காரர்களும் தங்கள் முறையை முடித்த பிறகு, அதாவது ஒரு சுற்றுக்கு ஒருமுறை, நீலக் காயை ஒரு கோடு உயர்த்தவும்.

என் லேமினேட் தாளை எடுத்துப் பார்த்தேன். 'ஒவ்வொருவரும் ஆடி முடித்ததும் நீர் ஒரு கோடு ஏறும்.'

நாலு பேர். சுற்றுக்கு நாலு கோடு. புத்தகம் எங்களுக்குக் கொடுத்தது இருபது சுற்றுகள். நான் கொடுத்தது ஐந்து. அந்த ஊரை நாற்பத்து மூன்று முறை மூழ்கடித்தது ஆறும் அல்ல, விதியும் அல்ல. கையேடு எழுதுவதில் இருபது வருட அனுபவமுள்ள ஒருவர்.

'மூழ்குதலின் அறம்' நினைவுக்கு வந்தது. அதைவிடச் சீக்கிரம் நினைவுக்கு வந்தது அந்த நோட்டு.

6

இனி நான் செய்யக்கூடியவை:

முதல் முடிவு. சத்தமில்லாமல் நாலு புதுத் தாள் தயாரித்து, பழையதைக் கிழித்துப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை ஜெயித்துவிடுவது. மைத்துனன் வேலைக்குப் போவான். என் மானமும் பிழைக்கும். யாருக்கும் நஷ்டமில்லை. 

இரண்டாம் முடிவு. உண்மையைச் சொல்வது. ஆனால் உண்மையைச் சொன்னால் பந்தயம் செல்லாது என்று அவன் ஒதுங்கிவிட்டால்? இலக்கியத்தில் உண்மை மனிதனை விடுவிக்கும். எங்கள் வீட்டில் உண்மை பெரும்பாலும் ஒரு வாரம் பேசாமல் இருக்க வைக்கும்.

மூன்றாம் முடிவு. ஞாயிற்றுக்கிழமை எனக்கு உடல்நலக் குறைவு.

உங்களுக்கு எது பிடிக்கிறதோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு இங்கேயே கதையை முடித்திருக்கலாம். நவீனமாகவும் இருந்திருக்கும். ஆனால் நான் எதைத் தேர்ந்தெடுத்தேன் என்பதைச் சரிபார்த்தவருக்குத் தெரியும்.

[முதலாவது.]

7

புதுத் தாள்களை வியாழக்கிழமை மதியம் லேமினேட் செய்தேன். ஞாயிறு மூன்று மணிக்கு மேஜையில் பரப்பினேன். யாரும் எதையும் கவனிக்கவில்லை. முதலில் என் மனைவி ஆடினாள். முடிந்ததும் மைத்துனனின் கை பழக்கத்தில் நீலக் காயை நோக்கிப் போனது.

"இரு, இரு மாப்ள. அவசரப்படாத," என்றேன்.

அவன் கையை எடுத்துக்கொண்டான். தன் தாளின் வலது மூலையைக் கட்டைவிரலால் தடவினான். மறுபடி தடவினான்.

"மாமா, இது என் தாள் இல்ல."

"அதே தாள்தான்."

"என் தாள்ல இந்த மூலைல ஒரு காத்துக்குமிழி இருக்கும். நான் யோசிக்கும்போது அதத்தான் அழுத்திட்டிருப்பேன்."

"அதான் மாத்திட்டேன். குமிழி அசிங்கமா இருந்துச்சு. புதுப் பதிப்பு வேற வந்திருக்கு, விதில சின்னதா ஒரு..."

"எந்தப் பதிப்பு?" என்றாள் பல் டாக்டர், வாயைத் திறக்கச் சொல்லும் குரலில்.

துரோகி ஆட்டத்தில் என் காது சிவந்ததில்லை என்று எனக்கு ஒரு பெருமை உண்டு.

[சிவந்தது.]

அவன் பெட்டிக்குள்ளிருந்து விதிப்புத்தகத்தை எடுத்தான். ஆறாம் பக்கத்தை மெதுவாக, சத்தமாகப் படித்தான். பிறகு புதுத் தாளைப் படித்தான். பழைய தாள் எப்படி இருந்தது என்று அவனுக்கு மனப்பாடம். மெக்கானிக்தான் முதலில் பேசினார்.

"அப்ப, மூணு வருஷமா நாலு பேர் லிஃப்ட்டுல பதினாறு பேர ஏத்திட்டு, மோட்டார் சரியில்லன்னு சொல்லிட்டிருந்தோமா சார்?"

"அப்படியும் சொல்லலாம்," என்றேன்.

என் மனைவி சிரிக்கத் தொடங்கியிருந்தாள். நல்ல சிரிப்பு அல்ல. 'மூழ்குதலின் அறம்', 'மூழ்குதலின் அறம்' என்று நடுநடுவே சொல்லிச் சிரிக்கும் சிரிப்பு. மைத்துனன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"இத எப்ப எழுதுனீங்க மாமா?"

"பெட்டி வந்த அன்னிக்கே."

"எழுதிட்டு யார்கிட்டயாவது காட்டுனீங்களா?"

"எதுக்கு? நானே ரெண்டு தடவ படிச்சுப் பாத்தேன். சரியா இருந்துச்சு."

அவன் தாளைக் கீழே வைத்தான்.

"அன்னிக்கு கவுன்ட்டர்ல நான் ஒருத்தன்தான் இருந்தேன்," என்றான்.

எட்டு மாதத்தில் அதைப் பற்றி அவன் பேசியது அதுதான் முதல்முறை. என் மனைவியின் சிரிப்பு நின்றது.

"கடைல ஒரு வழக்கம் இருக்கு. ஒருத்தர் மாத்திரை எடுக்கணும். இன்னொருத்தர் சீட்டையும் அட்டையையும் சத்தமா படிக்கணும். அப்புறம்தான் கைல குடுக்கணும். அன்னிக்கு அவர் சாப்பிடப் போயிருந்தார். வரிசைல ஏழெட்டுப் பேரு. நானே எடுத்தேன், நானே படிச்சேன். ரெண்டு தடவ. சரியாத்தான் இருந்துச்சு." விரல் மறுபடி குமிழியைத் தேடியது. "எடுத்தவனே படிச்சா, எடுத்ததா நெனச்சதத்தான் படிப்பான். இது எனக்குத் தெரியும். புதுசா வர்றவங்களுக்கு நான்தான் சொல்லிக் குடுத்துட்டிருந்தேன். ஆனா எனக்கு மட்டும், நான் லாயக்கில்லாதவன்னுதான் தோணுச்சு."

"நான் இருபது வருஷமா லாயக்கில்லாதவன் மாப்ள," என்றேன். "துணி துவைக்கிற மிஷின் எல்லாம் எப்படி ஓடுதுன்னே தெரியல."

"அத நாங்க வாங்கவே இல்ல," என்றாள் என் மனைவி.

அப்போதுதான் அவன் சிரித்தான். முதலில் மூக்கால். பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு. இருநூற்றுப் பதினான்கு தேனீக்கள் மேல் தட்டில் குலுங்கின.

"விளையாடலாமா?" என்றார் மெக்கானிக். "தண்ணி அப்படியே நிக்குது பாருங்க."

ஏழு சுற்றில் பன்னிரண்டு பேரும் மேட்டில் இருந்தார்கள். நீலக் காய் ஏழாவது கோட்டில். படித்துறையே நனையவில்லை. முதுகில் கல்லைக் கட்டிக்கொண்டு மூன்று வருடம் ஓடிப் பழகியவர்கள் கல்லை இறக்கிவிட்டு ஓடினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. யாரும் கைதட்டவில்லை. கடைசி ஆளை ஏற்றிய மெக்கானிக், "அவ்வளவுதானா?" என்று பெட்டியைக் குலுக்கிப் பார்த்தார்.

மைத்துனன் நோட்டைத் திறந்தான். பதினொரு 'நான்'களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். ஒன்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் 'தாள்' என்று எழுதினான். இரண்டை விட்டுவைத்தான்.

"அதையும் அடிடா," என்றாள் அக்கா.

"இல்லக்கா. இது ரெண்டும் நெஜமாவே நான் பண்ணதுதான்."

அதைச் சொன்னபோது அவன் குரல் சாதாரணமாக இருந்தது. மழை விட்டுவிட்டது என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்கிற குரல். எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்தது. அதை உவமையாக்க இரண்டு முறை முயன்றேன்: "அணையின் மதகு திறந்தாற்போல—", "கரை தொட்ட படகு". வேண்டாம். நிம்மதியாக இருந்தது. அவ்வளவுதான்.

[சரி.]

8

திங்கட்கிழமையைப் பற்றி அன்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் கலைந்துவிடுமோ என்று பயம். படியிறங்கும்போது, "மாமா, அந்தக் கட்டுரைய அனுப்புறதுக்கு முன்னாடி என்கிட்ட குடுங்க, படிச்சுப் பாக்குறேன்," என்றான். அவ்வளவே.

அவன் மறுநாள் காலை கடைக்குப் போனானா? கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றானா, அல்லது வாசல்வரை வந்து திரும்பினானா? ஒரு கதைசொல்லியாக இந்தக் கேள்வியை நான் திறந்தே விடுகிறேன். வாழ்க்கை என்னும் மாபெரும் பலகையில் கடைசி நகர்வை ஆசிரியன் செய்வது அநாகரிகம். வாசகரே, முடிவு இனி உங்கள் கையில். அந்தக் கதவை உங்கள் மனசாட்சியின் வெளிச்சத்தில் நீங்கள்தான்

[திங்கள் காலை எட்டரைக்குப் போனேன். இதை மதியம் கடையில் சரிபார்த்தேன்; கவுன்ட்டரில் இன்னொருவர் இருக்கிறார். மேலே உள்ள வாக்கியம் முடியவில்லை, முடிக்க வேண்டியதும் இல்லை. ஒரு பிழை பாக்கி: மூன்றாம் பிரிவில் 'நம் காலத்தின் மகத்தான ஆட்டம்' என்று இருக்கிறது. சரியான விதிப்படி ஆடினால் சுமார்தான்.]